நாகையில் ஏறினால் யாழ்ப்பாணம்! மனைவி மக்களுடன் ஒரு கப்பல் பயணம்

நாகப்பட்டினத்தில் காலையில் கப்பல் ஏறுகிறவர், மதியச் சாப்பாட்டை யாழ்ப்பாணத்தில் சாப்பிடலாம்.

நடுவே இருக்கும் கடல் சுமார் 110 கிலோ மீட்டர்தான். சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. கடல் அமைதியாக இருந்தால் 4 மணி நேரத்தில் காங்கேசன்துறை வந்துவிடும்.

"வெளிநாடா? அதெல்லாம் பணக்காரர்களுக்கு!" என்று சொல்கிறவர்கள் உண்டு. இது அப்படிப்பட்ட பயணம் அல்ல. ஓராண்டு சிறுகச் சிறுகச் சேமிக்கும் குடும்பத்துக்கு எட்டக்கூடியதுதான்.

ஆனால், டிக்கெட் பணத்தை மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு புறப்பட்டால், நடுவழியில் கையைப் பிசைய நேரிடும். பஸ்சும் ரெயிலும் நேரப்படி போகும். கப்பலோ கடலைக் கேட்டுத்தான் போகும்.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு!

இலங்கைக்குக் கப்பலில் போவது தமிழர்களுக்குப் புதிது அல்ல.

1914-ம் ஆண்டு பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு சென்னையில் ரெயில் ஏறியவர்கள் நேராகத் தனுஷ்கோடி போனார்கள். அங்கே கப்பல் நிற்கும். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரெயில் நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! "போட் மெயில்" என்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் இல்லை.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் போயிற்று. இலங்கையில் போர் மூண்டதும், 1980-களில் அதுவும் நின்றது. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். சில மாதங்கள்தான் ஓடியது.

2023 அக்டோபர் 14-ந் தேதி, நாகையிலிருந்து "செரியபாணி" என்ற கப்பல் புறப்பட்டது. மழைக்காலம் நெருங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் "சிவகங்கை" என்ற கப்பல் வந்தது. அதில் 150 பேர் போகலாம். அதுவும் அந்த ஆண்டு மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

எந்த விடுமுறை நல்லது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கடலில் வடகிழக்குப் பருவக் காற்றும் மழையும். அதனால் தீபாவளி விடுமுறையையும் அரையாண்டு விடுமுறையையும் மறந்துவிட வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கோடை விடுமுறையே பொருத்தம்.

கோடையிலும் பலத்த காற்று வீசினால் கப்பல் புறப்படாது. எனவே திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது என்றால், அதற்கு முந்தின கப்பலில் திரும்புவதாகத் திட்டம் போடக் கூடாது. 2 நாட்களாவது முன்னதாகத் திரும்ப வேண்டும். கப்பல் எந்தெந்தக் கிழமை உண்டு என்பதும் அடிக்கடி மாறுகிறது. ஊரில் பெட்டி கட்டுவதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

செலவுக் கணக்கு

கணவன், மனைவி, 2 குழந்தைகள் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் செலவு பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். குழந்தைகளுக்கு 1,000 ரூபாய். ஆக 5,000 ரூபாய். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அப்பா, அம்மா பாஸ்போர்ட்டில் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. பெரியவர்கள் பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குச் செல்லும். குழந்தைகள் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 ஆண்டுதான். ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் தேதியைப் பார்க்க வேண்டும். காலாவதி ஆக 6 மாதமாவது மீதி இருக்க வேண்டும்.

அடுத்தது, இலங்கைக்குள் நுழைய அனுமதி. இதை இணையம் வழியாக முன்கூட்டியே வாங்கிவிடலாம். இதற்குக் கட்டணம் உண்டா, இல்லையா என்பதை அந்த நாட்டு அரசு அவ்வப்போது மாற்றுகிறது. இலங்கை அரசின் தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். இடையில் புகுந்து அதிகப் பணம் பறிக்கும் தளங்களும் உண்டு!

கப்பல் கட்டணம் 2023-ல் ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு வரியுடன் 7,670 ரூபாய். 2024-ல் சாதாரண இருக்கைக்குச் சுமார் 5,000 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 4 பேர் போய் வர 40,000 ரூபாய். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் இருக்கிறது. சில நாட்களில் அந்த டிக்கெட் கப்பலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சென்னைவாசிகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்துக் குடும்பங்களுக்கோ கப்பல்தான் லாபம்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் தொகை ஒன்று இருக்கிறது. கப்பல் ரத்தானால் 2 நாள் தங்கிச் சாப்பிடப் பணம் வேண்டும். அவசரமாகத் திரும்ப வேண்டுமானால் பலாலி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த டிக்கெட்டுக்கும் பணம் வேண்டும். செலவாகாவிட்டால், அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும் பணம் இது.

கப்பலில் ஏறும்போது...

முதல் நாள் இரவே நாகைக்கு வந்துவிட வேண்டும். வேளாங்கண்ணியிலோ நாகூரிலோ குறைந்த வாடகைக்கு அறை எடுத்துத் தங்கலாம். சுங்கச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை எல்லாம் முடிய நேரம் ஆகும்.

இலவசமாக எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அளவும் மாறி வந்திருக்கிறது.

இது சிறிய கப்பல். அலையில் ஆடும். காலையில் பூரி, பொங்கல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டால், கடலுக்குப் போனதும் அவஸ்தைதான். 2 இட்லி போதும். கப்பலின் நடுப் பகுதியில் ஆட்டம் குறைவு. தலை சுற்றினால், தூரத்தில் கடலும் வானமும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். செல்போனைப் பார்த்தால் குமட்டல் அதிகமாகும். குழந்தைகளுக்கு வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால், டாக்டரைக் கேட்டுப் புறப்படுமுன் கொடுத்துவிட வேண்டும்.

கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இரு நாட்டுக்கும் ஒரே நேரம்!

"வடிவான" ஊர்

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 20 கிலோ மீட்டருக்கும் குறைவு. பஸ் உண்டு, ரெயிலும் உண்டு.

பாஷைக் கஷ்டம் இல்லை. ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. பேசுவதை அங்கே "கதைப்பது" என்பார்கள். அழகு என்பது "வடிவு". ரொட்டிக் கடையில் "பாண்" என்று கேட்க வேண்டும். டீ என்பது "தேத்தண்ணி". நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே நாளில் இதையெல்லாம் பிடித்துக்கொள்வார்கள்.

கீரிமலையில் கடலை ஒட்டி நன்னீர்க் கேணிகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. ஓர் அடி தள்ளி உப்புக் கடல். கேணியிலோ நல்ல தண்ணீர்! காரைநகரில் உள்ள கசூரினா கடற்கரையில் ஆழம் குறைவு. அலையும் குறைவு. சிறுவர்களைத் தைரியமாக இறக்கலாம், பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

நல்லூர் கந்தசாமி கோவிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே திருவிழா 25 நாள் நடக்கும். ஆடி, ஆவணியில் வரும் அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். 1981-ல் சுமார் 97,000 புத்தகங்களோடு அது எரிக்கப்பட்டது. பிறகு மீண்டும் கட்டினார்கள். வெள்ளை வெளேர் என்று நிற்கும் அந்தக் கட்டிடத்தில் இப்போது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் நயினாதீவுக்குப் போகலாம். அம்மன் கோவிலும் புத்த விகாரையும் ஒரே தீவில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது இன்னொரு கடல் பயணம், அதுவும் சில்லறைக் காசில்.

திரும்பும்போது பனங்கட்டி வாங்காமல் வர முடியாது. சின்ன ஓலைக் குட்டானில் அடைத்து விற்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் சேர்த்து வாங்குகிறவர்கள், காங்கேசன்துறையிலும் பெட்டியை நிறுத்துத்தான் கப்பலில் ஏற்றுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்!