முதல் பத்து செகண்ட்!

வீட்டு ஷெட்டில் வைத்தே ஒரு காரின் இன்ஜினை இறக்கிவிட்டு, வேறொரு டர்போ இன்ஜினை ஏற்ற முடியுமா? 'முடியும் பாஸ்!' என்கிறார்கள் அமெரிக்காவின் டிராக் கார் பிரியர்கள். சேர்த்து வைத்த காசு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எல்லாவற்றையும் கொட்டிச் செய்கிற வேலை இது. ஆனால், ஜெயிப்பதும் தோற்பதும் எங்கே தெரியுமா? சாவியைத் திருப்புகிற முதல் பத்து செகண்டில்!

அவர்களோட செல்லக்குட்டி, நிஸான் 240எஸ்எக்ஸ். 1989 முதல் 1998 வரை அங்கே விற்ற மாடல். பின்சக்கரங்களுக்குப் பவர் போகும், வளைவுகளில் ஜாலியாகத் திரும்பும். ஒரே குறை, டர்போ இல்லாத 2.4 லிட்டர் இன்ஜின். 1991-க்குப் பிறகு வந்ததிலேயே 155 குதிரை சக்திதான். அதே காரின் ஜப்பான் அண்ணன் தம்பிகளுக்கு 1991-ல் கிடைத்ததோ எஸ்ஆர்20டிஇடி. 2 லிட்டர்தான், ஆனா டர்போ புண்ணியத்தில் சுமார் 200 குதிரை!

ஒரே குடும்பம் என்பதால், சரியான மவுன்ட் போட்டால் இன்ஜினும் கியர்பாக்ஸும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். தலைவலி வயரிங்தான். ஜப்பானில் வலது பக்க ஸ்டீயரிங், அமெரிக்காவில் இடது பக்கம். ஒவ்வொரு வயராகப் பார்த்துச் சேர்க்கணும்.

இன்னொரு விஷயம், இந்த இன்ஜின்கள் எல்லாமே வயசானவை. டிராக்கில் விரட்டு விரட்டுன்னு விரட்டினா தாங்காது. அதனால முழுசாப் பிரித்து, பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதுசு போட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.

இறக்கும்போது ஒரே ஒரு விதி. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம்!

எமன் எங்கே இருக்கான்?

டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. புதுசா வேலை பார்த்த இன்ஜினில் ஆயில் பாதைகள் எல்லாம் காலி. அப்படியே ஸ்டார்ட் பண்ணினால், ஆயில் வந்து சேர்வதற்குள் புது பேரிங்கில் கீறல் விழுந்துடும். மாசக்கணக்கான உழைப்பு காலி!

அதனால விவரமானவர்கள் அவசரப்பட மாட்டார்கள். முதலில் டர்போவின் ஆயில் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விடுவார்கள். ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் கட் பண்ணிவிட்டு, ஸ்டார்ட்டரில் வெறுமனே சுற்றுவார்கள். மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறின பிறகுதான் நிஜமான ஸ்டார்ட்.

பழைய ஆயில் கூலரை அப்படியே மாட்டுவதும் ஆபத்து. முந்தைய இன்ஜின் பேரிங் தேய்ந்து செத்திருந்தால், அதன் உலோகத் துகள் உள்ளே ஒளிந்திருக்கும். நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரத்தைத் தொலைத்த கதைதான்!

ஓடத் தொடங்கியதும் உடனே டிராக்குக்குப் பறக்கக் கூடாது. லீக் இருக்கான்னு பார்க்கணும். ஆயிலைச் சீக்கிரமே மாத்தணும். பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்குதான்னு டியூன் பண்ணணும். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகிடும். டிராக்கில் விரட்டினதுமே இன்ஜினை அணைத்தால் சூட்டில் ஆயில் கருகி டர்போவுக்குள் கரியாகப் படியும். கடைசி ரவுண்டை மெதுவா ஓட்டுவது அதுக்குத்தான்.

ஹலோ, அப்பா காரை ஏக்கமாப் பார்க்காதீங்க! நம்ம ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக, அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றி ரோட்டில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு பாயும். காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் தூசி படிந்து கிடக்கும் பழைய இன்ஜினைக் கேட்டு வாங்கிப் பிரித்து மாட்டுங்க. ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி, அந்தப் பத்து செகண்டை மட்டும் மறந்துடாதீங்க!