தோராஜா மக்களும் அவர்களுடைய சாவுச் சடங்கும்

இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில், தெற்கே உள்ள மலைப்பகுதியில் வாழ்பவர்கள் தோராஜா மக்கள். நெல்லும் காப்பியும் பயிரிடுகிறவர்கள். அங்கே ஒரு பெரியவர் காலமானால் வீட்டார் அவரை "இறந்தவர்" என்று சொல்வதில்லை. "தோ மக்குலா" என்பார்கள். நோயாளி என்று பொருள். உடலைப் பதப்படுத்தி வீட்டிலேயே படுக்க வைத்து, வேளை தவறாமல் சோறும் காப்பியும் வைத்து, அவரோடு பேசவும் செய்வார்கள். இப்படியே மாதங்கள் போகும். சில வீடுகளில் ஆண்டுகளும் ஆகும்.

கேட்கும் நமக்கு இது சற்று அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய பழைய சமயமான "அலுக் தோ டோலோ", அதாவது முன்னோர் வழி, என்ன சொல்கிறது? உயிர் "பூயா" என்னும் ஆவிகளின் நாட்டுக்குப் போக வேண்டும். அதைச் சுமந்து செல்வது எருமை. சடங்கில் முதல் எருமை வெட்டப்படும் வரை அவர் நோயாளிதான்.

எருமைக்குப் பணம் வேண்டுமே! தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் பணத்தோடு வந்து சேர வேண்டும். எளிய வீட்டில் ஒன்றிரண்டு எருமை போதும். பெரிய குடும்பம் என்றால் இருபதுக்கு மேலும் போகும். உடலில் வெள்ளைத் திட்டுகள் உள்ள எருமைக்கு ஒரு மோட்டார் காரின் விலை கொடுப்பவர்களும் உண்டு. வெட்டிய எருமைகளின் கொம்புகளைப் படகு போல் வளைந்த கூரையுடைய "தொங்கோனான்" வீட்டின் முன்தூணில் வரிசையாக மாட்டி வைப்பார்கள். அது குடும்பத்தின் பெருமை.

அந்தப் பெருமைக்குப் பின்னால் கடனும் இருக்கிறது. உறவினர் கொண்டுவரும் எருமை இனாம் அல்ல. அவர்கள் வீட்டில் சாவு நேரும்போது அதே அளவு எருமையைத் திருப்பித் தர வேண்டும். தந்தையால் முடியாவிட்டால் மகன் தலையில் விழும். இதற்காக வயலை அடகு வைத்தவர்களும் உண்டு. இவ்வளவு செலவு வேண்டுமா என்று அவர்களுக்குள்ளேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1913-இல் டச்சுக்காரப் பாதிரிமார் அங்கே வந்தனர். இன்று தோராஜாக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பழைய சமயத்தை இந்து சமயத்தின் ஒரு பிரிவாக 1969-இல் இந்தோனேசிய அரசு ஏற்றுக்கொண்டது. சமயம் மாறியும் சடங்கு நிற்கவில்லை.

சடங்கு முடிந்த உடல் பாறைக் குகைக்குப் போகும். சில ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பின், பெட்டியைத் திறந்து உடலைச் சுத்தம் செய்து புது உடை உடுத்துவார்கள். தாத்தாவைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பெட்டி மறுபடியும் குகைக்குப் போய்விடும்.