கீரிமலைக் கரையில் நெடுவோட்டம்

கீரிமலையின் கதையை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. நகுல முனிவரின் கீரி முகம் நீங்கியதும் இத்தலத்தில். மாருதப்புரவல்லியின் குதிரை முகம் நீங்கியதும் இத்தீர்த்தத்தில் என்பர். கீரியும் குதிரையும் ஓட்டத்திற்குப் பேர்போனவை. முகங்கள் மாறிய பின்னும் அந்தக் கால்களின் வேகம் மட்டும் இவ்வூரிலேயே தங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றும், விடியற்காலையில் கரையோரத் தெருவில் ஓடிப் பயிலும் வாலிபர்களைக் கண்டால்.

நம் பகுதியில் நெடுந்தூர ஓட்டம் என்றாலே அதற்கு 'மரதன்' என்று பெயர். பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னோடியாக அது நடைபெறும். ஊர் விளையாட்டுக் கழகங்கள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆண்டு விழாக்களை ஒட்டியும் நடத்தும். உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர், நம்மவர் ஓடுவது பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்கே. ஆயினும் வீட்டுப் படலையில் நின்று தாய் பார்க்க, மதகடியில் நின்று நண்பர் கூவ, வேர்வை சொட்ட ஓடும் பிள்ளைக்கு அது ஒலிம்பிக்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஒலிம்பிக்கும் இவ்வூருக்கு எட்டாத பொருளன்று. கீரிமலைக்கு அண்மையிலுள்ள பெரியவிளானில் 1934ஆம் ஆண்டு பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இலும் 1956இலும் ஒலிம்பிக் களத்தில் உயரம் பாய்ந்தவர். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கத்தைத் தேடித் தந்தவரும் அவரே.

மீண்டு வந்த தெரு

இக்கரையோரத் தெருவில் ஓடுவதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 1990ஆம் ஆண்டு மூண்ட போரில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு ஊரைவிட்டு வெளியேறினர். வீடும் வயலும் தெருவும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே கட்டம் கட்டமாக மக்கள் மீளத் தொடங்கினர். அகதி முகாம்களிற் பிறந்து, தன் ஊரின் பெயரை மட்டும் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, வளர்ந்த பின்னரே அத்தெருவை முதன்முதலாகக் கண்ணாற் கண்டது. தகப்பன் ஓடித் திரிந்த தெருவில் மகன் ஓடுகின்றான் என்றால், அங்கே பந்தயத்திலும் பெரிய காரியமொன்று நடைபெறுகின்றது.

இத்தகைய தெருவில் ஓடும் பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது.

காற்று செய்யும் சூழ்ச்சி

கடலோர ஓட்டம் குளிர்ச்சியானது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. தேகத்தின் சூட்டைத் தணிப்பது வேர்வையன்று. வேர்வை ஆவியாகிப் போவதே சூட்டைத் தணிக்கின்றது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலால் வேர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகின்றது. தேகம் நீரை இழக்கின்றது, சூடோ குறைவதில்லை.

கீரிமலையிலிருந்து சேந்தாங்குளம் வழியாக மாதகல் நோக்கி ஒருவன் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தை, மாசி மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும். போகும்போது அது முதுகிலே தள்ளும். 'இன்றைக்கு நான் பறக்கின்றேன்' என்று வாலிபன் மகிழ்வான். உண்மையில், காற்றோடு சேர்ந்து ஓடுபவன் மேனியிற் காற்றே படாது. சூடு உள்ளே ஏறும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். முற்பாதியில் வாரி இறைத்த வலிமையைப் பிற்பாதியில் தேடினாலும் கிடையாது. சோளகக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். ஆகவே காற்றின் திசையை அறிந்து வேகத்தை வகுப்பவனே கெட்டிக்காரன். கூட ஓடுபவனோடு இரண்டு வார்த்தை பேச முடிகின்ற வேகமே பயிற்சிக்கு ஏற்ற வேகம்.

இலண்டனில் விழுந்த வீரர்

1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வெயில் கொளுத்திய ஆடி நாளில் இத்தாலி நாட்டவரான தொராந்தோ பியெத்ரி முதல்வராக அரங்கினுள் நுழைந்தார். ஆனால் அவருக்குத் தன் நினைவு சரியாக இல்லை. எதிர்த்திசையில் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார். கண்டு பொறாத அதிகாரிகள் தாங்கிப் பிடித்து அவரை எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தனர். பிறர் உதவி பெற்றமையால் வெற்றி பறிக்கப்பட்டு, அடுத்து வந்த அமெரிக்க வீரர் ஜொனி ஹேய்ஸுக்கு வழங்கப்பட்டது. மறுநாள் அலெக்சாந்திரா மகாராணியார் பியெத்ரிக்குப் பொன்முலாமிட்ட வெள்ளிக் கிண்ணமொன்றைப் பரிசளித்தார்.

நூறாண்டுக்கு மேலாகியும் அந்த அபாயம் நீங்கவில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதனில் ஓடிய மாணவன் ஒருவன் சுகவீனமுற்று உயிரிழந்த செய்தி நாடெங்கும் பெற்றோரின் நெஞ்சைப் பதறச் செய்தது. ஓடுகிறவன் தள்ளாடினால், பிதற்றினால், காரணமின்றிச் சினந்தால், திசை தடுமாறினால், அதனைச் 'சோர்வு' என்று தள்ளிவிடலாகாது. உடனே அவனை நிறுத்தி நிழலிற் கிடத்தி, உடையைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீரை வாரி ஊற்றி விசிற வேண்டும். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்; அது வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாகாது. நினைவிழந்தவன் வாயில் எதனையும் புகட்டவும் கூடாது.

கழகத்தின் கடமை, தாயின் கடமை

தனியே ஓடுபவனுக்கு இவற்றைப் பார்த்துச் சொல்ல யாருமில்லை. அதற்காகவே கழகம் இருக்கின்றது. பந்தயத்தைக் கதிரவன் காய்வதற்கு முன்னரே தொடங்குதல், வழி நெடுகத் தண்ணீர் வைத்தல், கடைசி ஓட்டக்காரனுக்குப் பின்னால் துவிச்சக்கரவண்டியில் ஒருவரை அனுப்புதல், இரண்டு வாரமாவது வெயிலிற் பழகாதவனைப் போட்டியிற் சேர்க்காதிருத்தல் ஆகியவை கிண்ணம் வாங்குவதிலும் முக்கியமானவை.

வீட்டிலிருக்கும் தாய்மாருக்கும் பங்குண்டு. காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டு தேறிய பிள்ளையை உடனே ஓட விடாதீர்கள். ஓடும்போது நெஞ்சு நோவு, மயக்கம் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். ஓட்டத்திற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன்னர் இலேசான உணவு போதும். ஓடி முடிந்ததும் உப்பிட்ட மோரும் இளநீரும் பனங்கட்டியும் கொடுங்கள். வெறுந்தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்தே.

பெண்பிள்ளைகள் கேட்டால் தடுக்காதீர்கள். ஒலிம்பிக் மரதனில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1984ஆம் ஆண்டிலேதான். ஆனால் 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் தமது 72ஆவது வயதிலே தங்கப்பதக்கம் வென்று திரும்பினார்.

ஓட்டம் முடிந்ததும் வாலிபர் கேணியில் இறங்குவர். ஒருபுறம் உப்புக்கடல், ஒரு சுவருக்கு இப்பால் நன்னீர். வற்றாத ஆறொன்றும் இல்லாத நம் குடாநாட்டில், பெய்த மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே நிலத்தடியில் மெல்ல ஊர்ந்து, இக்கரையில் ஊற்றாக வெளிப்படுகின்றது. அவசரமின்றி வந்தாலும் வந்துசேரத் தவறாத நீர் அது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர்த் தெருவில் மரதன் நடைபெறும்போது, முதல்வன் வந்ததும் கைதட்டிவிட்டு வீடு திரும்பாதீர்கள். கடைசிப் பிள்ளை வந்துசேரும் வரை நில்லுங்கள். போனவர்கள் யாவரும் திரும்பி வருகின்றனரா என்று வழி பார்த்திருப்பதன் அருமை இவ்வூரவர்க்குத் தெரியாததன்று.