பழைய 5 ரூபாய் காசுக்கு 10 லட்சமா? உண்டியல் துட்டில் எது அரிது, எது வெறும் அடிபட்ட காசு?

பாவூர்சத்திரம்:-

"வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் காசு வீட்டில் இருக்கா? 10 லட்சம் ரெடி" என்று செல்போனுக்கு வரும் தகவலை நம்பி உண்டியலை உடைத்துக் கொட்டுகிறவர்கள் நிறைய பேர். பீடி சுற்றியும், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியும் சேர்த்த சில்லறைக்குள் ஒரு லட்சாதிபதி ஒளிந்திருக்க மாட்டானா என்ற ஆசைதான்.

ஆனால் அந்த நாணயத்தின் கதை வேறு. வைஷ்ணவ தேவி கோவில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012-ல் 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களை மத்திய அரசு வெளியிட்டது. சாதாரண புழக்கத்துக்கு வந்த காசுதான். பாவூர்சத்திரம் காமராஜர் காய்கறி மார்க்கெட்டில் நீட்டினால் 5 ரூபாய்க்குத்தான் கத்தரிக்காய் தருவார்கள்.

நம்ம ஊர் சம்பந்தப்பட்ட நினைவு நாணயங்களும் அப்படித்தான். உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-ல் வந்த திருவள்ளுவர் நாணயம், காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய், 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், தஞ்சை பெரிய கோவில் ஆயிரமாவது ஆண்டு 5 ரூபாய் எல்லாம் ஆசையாக எடுத்து வைக்கலாம். வீடு கட்ட உதவாது.

ஸ்டார் போட்டிருந்தால் லட்சமா?

நாணயத்தில் வருடத்துக்குக் கீழே உற்றுப் பார்த்தால் சின்னதாக ஒரு குறி தெரியும். டைமண்ட் இருந்தால் மும்பை நாணயச்சாலையில் அடித்தது. ஸ்டார் என்றால் ஐதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. எந்த ஆலையில் தயாரானது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். ஸ்டார் போட்ட காசு கோடிக்கணக்கில் வெளியே சுற்றுகிறது.

1985-ம் வருட ஒரு ரூபாயில் வருடத்துக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பெரிய விலை என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்த வருடம் உள்ளூரில் அடித்தது போதாமல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஹீட்டன் ஆலையிலும் அடித்து வாங்கினார்கள். அந்த ஆலையின் குறிதான் 'எச்'. அதுவும் ஏராளமாக வந்த காசுதான்.

10 ரூபாய் நாணயத்தில் 10 கோடா, 15 கோடா, ரூபாய் சின்னம் இருக்கா இல்லையா என்று பார்த்து வாங்க மறுத்த கடைகள் தென் மாவட்டங்களில் ஏராளம். 14 வகை டிசைனில் 10 ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆக டிசைன் மாறி இருப்பதால் அது கள்ளக்காசும் இல்லை, அதிர்ஷ்டக் காசும் இல்லை.

பிறவிக் குறையா? பட்ட காயமா?

அப்படியானால் சேகரிப்பாளர்கள் எதைத்தான் தேடுகிறார்கள்? நாணயச்சாலையில் அடிக்கும்போதே நடந்த தவறைத்தான். வெளியே வந்த பிறகு பட்ட அடிக்கு மதிப்பு கிடையாது. இதை மட்டும் புரிந்து கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

ரெயில் தண்டவாளத்தில் வைத்து நசுங்கிய காசு, தீயில் கருகிய காசு, நடு வட்டத்தைத் தட்டிக் கழற்றிய 10 ரூபாய் எல்லாம் வெறும் அடிபட்ட காசு. ஒரு பக்கத்தை அரத்தால் தேய்த்துவிட்டு "ஒரு பக்கம் அச்சே விழாத காசு" என்று விற்கிறவர்களும் உண்டு. நகைக்கடை தராசில் போட்டால் குட்டு உடைந்துவிடும். 10 ரூபாய் நாணயம் 7.71 கிராம், பழைய தடித்த 5 ரூபாய் 9 கிராம் இருக்க வேண்டும். தேய்த்திருந்தால் எடை குறையும். உண்மையிலேயே ஒரு பக்கம் அச்சு விழாத காசில் எடை குறையாது.

இரண்டு பக்கமும் 'தலை' உள்ள காசு என்றால் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு காசைக் கடைந்து ஒட்டிய கோடு பெரும்பாலும் உள்விளிம்பில் தெரிந்துவிடும்.

ஓரத்தில் பிறை மாதிரி கடித்து எடுத்த காசும் கிடைக்கும். தகடு வெட்டும்போது ஏற்கனவே வெட்டிய ஓட்டை மேல் அடுத்த வெட்டு விழுந்தால் இப்படி ஆகும். இது ஆலைத் தவறு. ஆனால் வெட்டிரும்பால் யாரும் இதைச் செய்துவிட முடியுமே? அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். ஆலையிலேயே நடந்திருந்தால், விளிம்பு எழுப்பும் எந்திரத்தில் அந்த இடத்தில் அழுத்தம் கிடைக்காமல் எதிர் விளிம்பும் மங்கி மழுங்கி இருக்கும். எதிர்ப்பக்கம் விளிம்பு கூர்மையாக, நன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரு பக்கத்தில் படம் சரியாகவும், மறுபக்கத்தில் அதே படம் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறி குழியாகவும் இருந்தால் அதை வியாபாரிகள் 'லக்கி' காசு என்பார்கள். முதலில் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டின் மேல் அழுந்துவதால் வருவது இது. இதையும் இரண்டு காசைச் சேர்த்து பட்டறை வைஸில் நெருக்கிப் போலியாகச் செய்கிறார்கள். போலியில் அடியில் இருந்த பழைய எழுத்து நசுங்கிப்போய்க் கிடக்கும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடிய ஒன்று அச்சு திரும்பிய காசு. இப்போதைய ரூபாய் நாணயத்தை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்து பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருப்பது சாதாரணம். முழுக்கத் தலைகீழாக நின்றால் சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுப்பார். அதற்கும் லட்சம் கிடையாது.

ஓட்டைக் காலணாவும் காசுமாலையும்

1943 முதல் 1947 வரை அடித்த காலணாவில் நடுவில் ஓட்டை உண்டு. யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க அரசே போட்ட ஓட்டை அது. ஆனால் பாட்டி காசுமாலையில் கோர்க்க ஓட்டை போட்ட அல்லது வளையம் பற்றவைத்த வெள்ளி ரூபாய், சேகரிப்பாளர் கணக்கில் அடிபட்ட காசு. வெள்ளி எடைக்குத்தான் போகும்.

அந்த எடையிலும் ஏமாறக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் 11.66 கிராம் எடையில் சுமார் 92 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் அதே எடைக்கு வெள்ளி பாதிதான். இரண்டையும் ஒரே விலைக்குக் கேட்கிற கடையில் கொடுத்துவிட்டால், பழையதைக் கொடுத்தவருக்குக் கிட்டத்தட்ட பாதி நஷ்டம். விற்கும் முன் வருடத்தைப் பாருங்கள்.

பின்பக்கம் புலி உள்ள 1947 ஒரு ரூபாய் வெள்ளியே அல்ல, நிக்கல். காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. அதுவும் 10 கோடிக்கு மேல் அடித்த காசு.

பழையதில் உண்மையான அபூர்வ ரகங்கள் உண்டு. 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியில் இருந்த யானை, பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, பெரும்பகுதியை உருக்கிவிட்டு 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். 1862 என்ற ஒரே வருடத்தைப் போட்டுப் பல வருடம் அடித்த விக்டோரியா ரூபாயில் பின்பக்கப் புள்ளிகளை எண்ணி ரகம் பிரிப்பார்கள். 1939 வருட ரூபாய் அரிது. அதனாலேயே அதில் போலி அதிகம்.

கையில் பழைய காசு இருந்தால் புளி போட்டு பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்கு விலை பாதியாக விழும். விளிம்பில் பிடித்து, காகித உறையில் போட்டு வைத்தாலே போதும்.

முன்பணம் கேட்டால் மோசடி

பெங்களூருவில் 2021-ல் ஒரு பெண் தன்னிடம் இருந்த 1947 நாணயத்தை விற்க இணையதளத்தில் விளம்பரம் கொடுத்தார். ஒரு கோடி தருகிறேன் என்று பேசியவன், வரி கட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு லட்சம் ரூபாய் வரை கறந்துவிட்டான். அதே வருடம் ஆகஸ்டு 4-ந் தேதி ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் ரிசர்வ் வங்கி இல்லை, அதற்காக கமிஷனும் கட்டணமும் யாரிடமும் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை என்று அதில் கூறியது.

காசை வாங்குகிறவன் நமக்குத்தான் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., கூரியர் செலவு என்று நம்மிடம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடலாம். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லவே கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

இன்னொரு விஷயம். கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ காசுக் குடம் கிடைத்தால் அதை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட முடியாது. 1878-ம் வருட புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பாவூர்சத்திரம் பகுதிக்கு அது தென்காசி கலெக்டர் அலுவலகம்.