அலுவலகத்திற்காகப் பிறந்த விண்டோஸ்

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் விண்டோஸ் 2000 இயங்குதளத்தை பில் கேட்ஸ் அறிமுகம் செய்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்த நான், பெயரைப் பார்த்து அது விண்டோஸ் 98க்கு அடுத்த பதிப்பு என்று நம்பிவிட்டேன். உண்மையில் அது அலுவலகங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வீடுகளுக்கான விண்டோஸ் மீ அதே ஆண்டு செப்டம்பரில் தனியாக வந்தது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பது, வேலைப் பயிற்சிக்குச் சென்ற சரக்கு நிறுவனத்தில்தான் எனக்குப் புரிந்தது.

முதல் நாளே எனக்கென ஒரு பயனர் பெயரும் மறைச்சொல்லும் கொடுத்தார்கள். மதிய இடைவேளையில் ஒரு விளையாட்டை ஏற்ற முயன்றேன். அனுமதி இல்லை என்றது திரை. “இது உங்க வீட்டு கம்ப்யூட்டர் இல்ல தம்பி,” என்று சிரித்தார் மேற்பார்வையாளர். எனக்குச் சற்றுக் கோபம்தான்.

மூன்றாவது வாரம், எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்பிடத்தில் இருந்த பழைய கோப்புகளை நீக்கச் சொன்னார்கள். அவசரத்தில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு கோப்புறை மட்டும் போக மறுத்தது. அவ்வாண்டின் கட்டண ரசீதுகள் அனைத்தும் அதில்தான் இருந்தன. கணக்குப் பிரிவினர் மட்டுமே அதைத் தொட முடியும். யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரையறுக்கும் வசதி அது. விண்டோஸ் 98இல் அப்படிப்பட்ட பூட்டு கிடையாது.

இந்த ஏற்பாடு 2000இல் புதிதாக வந்ததும் அன்று. டிஜிட்டல் எக்யூப்மெண்ட் நிறுவனத்திலிருந்து 1988இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு வந்த டேவிட் கட்லரின் குழு உருவாக்கிய விண்டோஸ் என்டி, 1993 ஜூலையில் வெளியானது. ஒரு மென்பொருள் முடங்கினாலும் மற்றவை தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கினார்கள். விண்டோஸ் 2000 அதன் வாரிசு. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி, அந்த அடித்தளத்தை வீடுகளுக்கும் கொண்டுவந்தது. நீங்கள் பள்ளி ஒப்படைப்பு செய்யும் விண்டோஸ் 11 மடிக்கணினியும் அதே வம்சம்தான்.

அன்று மாலை மேற்பார்வையாளரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். ரசீதுகள் தப்பின, ஆனால் நான் அழித்தவற்றில் தேவையானவையும் சில இருந்தன. காப்பு நாடாவிலிருந்து அவற்றை மீட்க இரவு எட்டு மணிவரை அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை கோப்பி வாங்கி வந்தது நான்.