எதிரே அமர்ந்திருப்பவர் யார்?

ரம்மி செயலியில் பந்தயத் தொகையைத் தொட்டதும் திரையில் ஒரு வட்டம் சில நொடி சுழலும். பிறகு எதிர்ப்பக்கம் ஒரு பெயரும் படமும் வந்து உட்காரும். காத்திருப்பவர்களில் யாரை யாருடன் உட்கார வைப்பது என்பதை அந்த நொடிகளில் செயலி முடிவு செய்துவிடுகிறது. அதற்காக ஆட்டக்காரர்களுக்குத் தரமதிப்பெண் போடுவதும் உண்டு. மதிப்பெண்ணையும் ஜோடியையும் தீர்மானிக்கும் கணினி விதிமுறைக்கு அல்காரிதம் என்று பெயர். ஆடுபவருக்கு அது காட்டப்படுவதில்லை.

சம பலம் உள்ளவருடன் ஆட்டம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குமாரபாளையத்தில் ஷிப்ட் முடித்த இரண்டு தறித் தொழிலாளர்கள் தலா 100 ரூபாய் கட்டி ஆடுவதாகக் கொள்வோம். இருவருக்கும் ஒரே திறமை. செயலி 10 சதவீதம் கழித்துக்கொண்டால் வென்றவர் கைக்கு வருவது 180 ரூபாய். பாதி ஆட்டம் வென்று பாதி தோற்றாலும், ஆட்டத்துக்குச் சராசரியாக 10 ரூபாய் போகும். இரவுக்கு 20 ஆட்டம் என்றால் 200. மாதத்துக்கு 6,000. இருவருக்குமே அதே 6,000. மேசையில் யாரும் ஏமாற்றவில்லை. கழிவையும் தாண்டி ஜெயிக்கும் அளவுக்கு ஒருவர் தேறினாலும், அதே அளவு தேறியவரையே செயலி அடுத்து எதிரே உட்கார வைக்கும்.

இது அல்காரிதம் நேர்மையாக இருக்கும்போது நடப்பது.

2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜோடி சேர்ப்பதன் நோக்கம் சமமான ஆட்டம் அல்ல, ஆட்டக்காரர் விலகாமல் இருப்பதே என்று வைத்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றவர்கள் விலகும் விகிதம் அதிகம். இரண்டு தோற்று மூன்றாவதில் வென்றவர்களிடம் அது ஏறத்தாழ பாதி. அப்படியானால், விலகப்போகிறவருக்குச் சரியான நேரத்தில் ஒரு வெற்றியைக் கொடுக்கலாம். அதற்கேற்ற எதிராளியைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த முறையைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனம் பின்னர் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் ஆக்டிவிஷன் என்ற இன்னொரு வீடியோ கேம் நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. ஆட்டத்துக்குள் பொருள் வாங்கத் தூண்டும் விதத்தில் ஜோடி சேர்ப்பது எப்படி என்பது அதன் பொருள். அதையும் நடைமுறைப்படுத்தவில்லை என்றே விளக்கம் வந்தது. இரண்டு விளக்கங்களையும் வெளியிலிருந்து சரிபார்க்க ஆட்டக்காரருக்கு வழி இல்லை.

பல செயலிகள் ஒரு சான்றிதழைக் காட்டும். ஆர்என்ஜி, அதாவது சீட்டைக் கலைக்கும் எண்களை ஒழுங்கின்றி உருவாக்கும் மென்பொருள், சோதிக்கப்பட்டது என்று அதில் இருக்கும். சீட்டு நியாயமாகக் கலைக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எதிரே யார், ஏன் அவர் என்பதற்கு அது பதில் சொல்லாது.

உரிமம் பெற்ற தளங்களிலும் மோசடி நடந்திருக்கிறது. கனடாவின் கானவாகே கேமிங் ஆணையத்திடம் உரிமம் பெற்றிருந்த அல்டிமேட்பெட் என்ற போக்கர் தளத்தில், 2003 மே முதல் 2008 ஜனவரி வரை சில கணக்குகள் எதிராளிகளின் சீட்டைப் பார்த்தபடி ஆடின. திருப்பித் தரவேண்டி வந்த தொகை சுமார் 2.2 கோடி டாலர். இதை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் ஆட்டக்காரர்கள். இதே வகை மோசடி நடந்த அதன் கூட்டாளித் தளமான அப்சல்யூட் போக்கரில் 2007-இல் தோற்ற ஒருவர் ஆட்டப் பதிவைக் கேட்டார். எல்லோருடைய சீட்டும் அடங்கிய முழுக் கோப்பும் அவருக்கு வந்து சேர்ந்தது. அது வராமல் இருந்திருந்தால் சந்தேகம் சந்தேகமாகவே நின்றிருக்கும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1967-இல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னபோது அதன் முன் இருந்தது செகந்திராபாத்தில் மனிதர்கள் மேசை சுற்றி உட்கார்ந்து ஆடிய ஒரு மன்றம். ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தடை செய்யத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் இருந்த தடையை நீக்கியது. எதிரே ஆடுவது மென்பொருளாக இருக்கலாம் என்ற அரசின் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றது. அந்த ஆதாரம் இருந்தால், அது நிறுவனங்களின் சர்வர்களில்தான் இருக்க முடியும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தை மூடச் சொன்ன விதிகள் வந்தன. இரவு ஷிப்ட் ஓடும் பள்ளிபாளையத்துக்கும், லோடுக்காகக் கண் விழித்துக் காத்திருக்கும் நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கும், மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடக்கும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஆட்களுக்கும் அந்த ஐந்து மணி நேரம் பெரியதாக இருந்தது.

2025 ஆகஸ்ட் 22 அன்று ஆன்லைன் பண ஆட்டங்களுக்கு எதிரான ஒன்றிய அரசின் தடைச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. நவம்பரில் அமலாக்கத்துறை வின்சோ என்ற ஆன்லைன் விளையாட்டு நிறுவனத்தில் சோதனை நடத்தி, சுமார் 505 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது, நிறுவனர்களைக் கைது செய்தது. எதிரே ஆடுவது மென்பொருள் என்று சொல்லாமலே வாடிக்கையாளர்களைப் பணம் கட்டி ஆடவைத்தது என்பது முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. தன் தளம் நியாயமானது, வெளிப்படையானது என்கிறது நிறுவனம். அமலாக்கத்துறை சொல்வது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. ஆனால் 2023-இல் 'ஆதாரம் இல்லை' என்று ஒதுக்கப்பட்ட அதே கேள்வி இது.

தடைக்குப் பிறகும் வெளிநாட்டுத் தளங்கள் டெலிகிராம் இணைப்பு வழியாக வருகின்றன. பணம் போவது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கு. இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. புகாரில் தொகை, நேரம், யுபிஐ எண் மூன்றையும் அவரால் சொல்ல முடியும். தோற்றது ஒரு மனிதரிடமா என்பதை அவரால் சொல்ல முடியாது.