இளவேனிலா, கத்திரி வெயிலா?

வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரை, வைகாசி மாதங்களுக்குப் பழந்தமிழர் வைத்த பெயர் என்ன தெரியுமா, நேயர்களே? இளவேனில்! அதாவது, மிதமான வெயில் காலம். கத்திரி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்கவே வருவார்கள். ஆனால் அன்றைய கணக்கில், அடுத்து வரும் ஆனியும் ஆடியும்தான் முதுவேனில். வெயில் முற்றிய காலம்.

'இள' என்றால் வயது குறைவு மட்டுமல்ல, கடுமை குறைவும்தான். தொண்டை கரகரத்தால் இளஞ்சூடாக வெந்நீர் குடிக்கிறோம். கைக்குழந்தையைக் காலை இளவெயிலில் சற்றே காட்டுகிறோம். அட, புடவைக் கடைக்குப் போனாலும், "இந்தப் பச்சை அடிக்கிற மாதிரி இருக்கு, இளம்பச்சையில ஏதாவது காட்டுங்க" என்றுதானே கேட்கிறோம்!